உறுப்பெழுத்தா, சொல்வதெழுதலா?

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த கருத்தரங்கில், கணினித் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



கணினித் துறையில் வேலை செய்யும் பழைய மாணவிகளாகிய எம்மை இந்த நூற்றாண்டு வேளையில் பேசுமாறு சங்கம் கேட்டுக்கொண்டது. எதைப் பற்றிப் பேசுவது என்று நாம் அதிகம் யோசிக்கவில்லை. எம்மிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் முதியோரைப் பராமரிக்கும் சகோதரி அதைக் கேட்கிறார். இங்கே ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் சகோதரி கேட்கிறார். கிளினிக்கில் பதிவு எழுதுபவரும் கேட்கிறார். "எங்கடை வேலைக்கு ஒரு சின்னச் செயலி செய்யப் போறம். ஆக்களைத் திரையிலை எழுதச் சொல்லுறதா, கதைக்கச் சொல்லுறதா?"

இந்த இரண்டு வழிகளையும் நாம் எல்லோரும் கீழ்ப்பிரிவிலேயே படித்துவிட்டோம். இரட்டைக்கோட்டுக் கொப்பியில் உறுப்பெழுத்து எழுதினோம். ஆசிரியை வாசிக்க வாசிக்கச் சொல்வதெழுதல் எழுதினோம். நாம் எழுதியதை ஆசிரியை வாசித்தாரல்லவா, அந்த வேலையைக் கணினி செய்தால் அது கையெழுத்தறிதல். ஆசிரியை சொன்னதைக் கேட்டு நாம் எழுதினோமல்லவா, அதைக் கணினி செய்தால் அது பேச்சறிதல். எந்தப் பாடத்தில் எங்கே புள்ளி குறைந்தது என்பதை நினைவில் வைத்திருந்தால் இன்றைய உரை உங்களுக்குச் சிரமமாக இராது.

முதலில் சிறிது வரலாறு. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் "ஓட்ரி" என்ற கருவியைச் செய்தார்கள். ஒருவர் ஆறுதலாக நிறுத்தி நிறுத்திச் சொல்லும் எண்களை அது இனங்கண்டது. 1962இல் ஐபிஎம் நிறுவனம் காட்சிப்படுத்திய "ஷூபொக்ஸ்" கருவிக்கு 16 சொற்கள் தெரியும். மனிதர் இயல்பாகத் தொடர்ந்து பேசுவதைக் கேட்டு எழுதும் "டிராகன்" மென்பொருள் 1997இல்தான் சாதாரண பாவனையாளரின் கைக்கு வந்தது. 16 சொல்லில் இருந்து தொடர்பேச்சுக்கு வர 35 ஆண்டுகள் எடுத்தன.

கையெழுத்தின் கதையும் இலகுவானதல்ல. 1993இல் அப்பிள் நிறுவனம் "நியூட்டன்" என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. எவருடைய எழுத்தையும் அது வாசிக்கும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். அது பிழையாக வாசித்தவற்றை வைத்துப் பத்திரிகைகளில் கேலிச்சித்திரங்கூட வந்தது. மூன்று ஆண்டுகளின் பின் "பாம் பைலட்" வந்தது. அதைச் செய்தவர்கள் புத்திசாலிகள். எல்லாரின் எழுத்தையும் வாசிக்க அவர்கள் முயலவில்லை. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் எளிய கோட்டு வடிவத்தை வகுத்து, அதைப் பழகிக்கொள்ளும்படி பாவனையாளரிடம் கேட்டார்கள். மக்கள் பழகினார்கள், கருவியும் நன்றாக விற்பனையானது. அதே காலத்தில் அமெரிக்க வங்கிகளில் காசோலைத் தொகையை வாசிக்கும் கருவிகளும் வேலை செய்யத் தொடங்கின. காசோலையில் தொகை இலக்கத்திலும் எழுத்திலும் இருமுறை இருக்கும். கருவிக்குச் சந்தேகம் வந்த காசோலை ஒரு மனிதரின் கைக்குப் போகும். வேலையின் எல்லையைச் சுருக்குவதும், சந்தேகமானதை மனிதரிடம் கொடுப்பதும் இன்றுவரை நாம் பின்பற்றும் இரண்டு நல்ல பழக்கங்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். இன்று கைத்தொலைபேசியில் தமிழை விரலால் எழுதலாம், பேசியும் எழுதுவிக்கலாம். கூகிள் நிறுவனம் 2015இல் கையெழுத்து உள்ளீட்டுச் செயலியை வெளியிட்டது. 2017இல் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சிங்களத்தையும் சேர்த்தது. ஆகவே தமிழுக்கு வசதி உண்டா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எந்த வேலைக்கு எது நம்பத் தகுந்தது என்பதே இப்போது பார்க்க வேண்டியது.

திரையில் எழுதும்போது கணினி எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. விரல் எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் போனது, எங்கே தூக்கப்பட்டது என்பதையும் வரிசையாகக் குறித்துக்கொள்கிறது. அதனால் திரையெழுத்தை வாசிப்பது, தாளில் ஏற்கெனவே எழுதப்பட்டதைப் படம்பிடித்து வாசிப்பதை விட இலகு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; எங்கள் பழைய பதிவேடுகளைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

தமிழெழுத்தில் சில சிக்கல்கள் உண்டு. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் நாம் மெய்யெழுத்துக்கு முன்னே எழுதுகிறோம். கணினி அவற்றை மெய்க்குப் பின்னே சேமிக்கிறது. எனவே கொம்பைக் கண்டதும் அது பொறுத்திருக்க வேண்டும். அடுத்து ரகரமும் அரவும். எம்மில் பலரின் கையெழுத்தில் இரண்டும் ஒன்றேதான். இரட்டைக் கொம்பும், சகரமும், பக்கத்தில் ஒரு காலும் போட்டால் அது "சேர" என்ற சொல்லா, "சோ" என்ற எழுத்தா? பக்கத்திலுள்ள சொற்களைப் பார்த்தே கணினி தீர்மானிக்கிறது. ஔகாரக் குறியும் ளகரமும் இப்படித்தான் மயங்கும்.

மூத்த அக்காமாரின் எழுத்தில் இன்னொன்றும் உண்டு. லை, ளை, னை, ணை ஆகியவற்றை அவர்கள் யானைத் தும்பிக்கை போல மேலே வளைத்து எழுதினார்கள். ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்து எழுதினார்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அச்சில் இவ்வடிவங்கள் மெல்ல மறைந்தன. புதிய வடிவங்களை மட்டும் பார்த்துப் பழகிய மென்பொருளுக்கு எங்கள் அக்காமாரின் அழகான எழுத்து தெரியாத எழுத்தாகிவிடும்.

பேச்சுக்கு வந்தால் வசதி பெரிது. 2016இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தவர் பங்கெடுத்த ஓர் ஆய்வில், கைத்தொலைபேசியில் தட்டச்சுச் செய்வதை விடப் பேசி எழுதுவிப்பது ஆங்கிலத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக இருந்தது. கை நடுங்குபவர்கள், மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்கள், பார்வை குன்றியவர்கள், எழுதப் பழகும் வாய்ப்பு இல்லாமற் போனவர்கள் எல்லோருக்கும் பேச்சு ஒரு வாசலைத் திறக்கிறது. கண்பார்வை குறைந்த ஓர் அம்மா தன் பிள்ளைக்குத் தானே தகவல் அனுப்பக்கூடியதாக இருப்பது சிறிய விடயமல்ல.

ஆனால் எந்தத் தமிழைப் பேச வேண்டும்? இங்கேதான் நாம் கவனமாக இருக்கவேண்டும். பேச்சறியும் மென்பொருள் தனக்குக் கேட்கக் கொடுக்கப்பட்ட பேச்சிலிருந்தே கற்கிறது. செய்தி வாசிப்பும் மேடைப் பேச்சும் நிறையக் கேட்டிருந்தால் அவற்றை நன்றாக எழுதும். நாம் வீட்டில் அப்படியா கதைக்கிறோம்? எமக்குத் தலைவலி வருவதில்லை, தலையிடி வரும். சளி பிடிக்காது, தடிமன் வரும். இடுப்பு வலிக்காது, நாரி நோகும். யாழ்ப்பாணத்தார் "பேந்து" என்பதை மட்டக்களப்பார் "மறுகா" என்பார்கள். மலையகத் தமிழ் வேறு, முஸ்லிம் மக்களின் பேச்சு வேறு. நாரி என்ற சொல்லைக் கேட்டிராத மென்பொருள் அதை நரி என்றோ மாரி என்றோ எழுதிவிடக்கூடும்.

சொல் மாறுவதை விட ஆபத்தானது விகுதி மாறுவது. "அம்மா சாப்பிடேல்லை" என்றால் அவர் சாப்பிடவில்லை. "அம்மா சாப்பிடேலாது" என்றால் அவரால் சாப்பிட முடியாது. முதலாவதற்கு இன்னொரு தடவை கஞ்சி கொடுத்துப் பார்க்கலாம். இரண்டாவதற்கு வைத்தியரைக் கூப்பிட வேண்டும். எங்கள் பேச்சில் இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது ஓர் அசையின் வேறுபாடு.

இது எமக்கு மட்டுமான பிரச்சினையுமல்ல. 2020இல் அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியானது. வெள்ளையினத்தவரின் பேச்சில் 100 சொற்களுக்குச் சராசரியாக 19 பிழைகள்; கறுப்பினத்தவரின் பேச்சில் 35. இரு சாராரும் ஆங்கிலமே பேசினார்கள். எவருடைய பேச்சு பாடமாகக் கொடுக்கப்படவில்லையோ அவர் பேச்சே அதிகம் பிழையாக எழுதப்படுகிறது.

இன்னொரு விடயத்தையும் பராமரிப்பு வேலையில் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2022இல் வெளியான "விஸ்பர்" என்ற மென்பொருள் தமிழ் உட்படப் பல மொழிகளைக் கேட்டு எழுதுகிறது. இலவசமாகக் கிடைப்பதால் பலர் பாவிக்கிறார்கள். பேசுபவர் இடையில் நீண்ட நேரம் நிறுத்தினால், அவர் சொல்லாத வாக்கியங்களை அது தானே சேர்த்துவிடுவதுண்டு. ஆங்கில ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 100 துண்டுகளில் ஏறத்தாழ ஒன்றில் இப்படி நடந்ததாகக் கண்டார்கள். பக்கவாதம் போன்றவற்றால் பேச்சுத் தடைப்பட்டவர்களிடத்தில் இது கூடுதலாக இருந்தது. பிழையான சொல்லைக் கண்டால் நாம் திருத்துவோம். நன்றாக அமைந்த ஒரு பொய் வாக்கியத்தை யார் சந்தேகப்படுவார்?

சரி, எப்படித் தெரிவுசெய்வது? எம்மிடம் வருபவர்களிடம் நாம் ஐந்து கேள்விகள் கேட்போம்.

முதலாவது, உள்ளே போவது என்ன? நீண்ட விவரிப்பு என்றால் பேச்சு. கணிதச் சமன்பாடு, இரசாயனக் கட்டமைப்பு, உடலில் நோகும் இடத்தைக் காட்டும் படம் என்றால் பேனை. வர்க்கமூலத்துக்குள் பின்னம் இருப்பதை வாயால் சொல்லிப் பாருங்கள், புரியும்.

இரண்டாவது, எங்கே இருந்து? பேருந்திலும் சந்தையிலும் ஒலிவாங்கி எல்லோருடைய குரலையும் சேர்த்தே கேட்கும். வாட்டில் அடுத்த கட்டிலில் ஆள் இருக்கும்போது ஒரு பெண் தன் வருத்தத்தைச் சத்தமாகச் சொல்ல விரும்பமாட்டார். அங்கே எழுத்து மானத்தைக் காக்கும்.

மூன்றாவது, யார் பாவிப்பது? கையா தளர்ந்தது, குரலா தளர்ந்தது? சிறு பிள்ளைகளின் குரல், வளர்ந்தோரின் பேச்சைக் கேட்டுப் பழகிய மென்பொருளுக்குக் கடினம். காதுகேளாத பாவனையாளர் இருந்தால், பேச்சை மட்டும் வைத்துச் செய்யப்பட்ட செயலி அவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

நான்காவது, பிழைத்தால் என்ன நடக்கும்? இதற்கு ஒரு சிறு கணக்கு. எழுத்தோ பேச்சோ, 100 இலக்கங்களில் 99ஐச் சரியாக அறியும் மென்பொருள் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நல்ல மென்பொருள்தானே? எமது தொலைபேசி எண்ணில் 10 இலக்கங்கள். பத்தும் சரியாக விழுவது 100இல் ஏறத்தாழ 90 தடவைதான். புதிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். அங்கே 100 பேரில் 11 பேரின் எண் பிழைக்கும். கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால் வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். அடையாள எண்ணிலும் மருந்தின் அளவிலும் விளங்கிக்கொள்ள எதுவுமில்லை. இவற்றுக்கு எழுத்தும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். எண் விசைகளைத் தட்டட்டும், அல்லது பட்டியலில் இருந்து தெரிவுசெய்யட்டும்.

ஐந்தாவது, அந்தக் குரலும் எழுத்தும் எங்கே போகின்றன? சில செயலிகள் கைத்தொலைபேசிக்குள்ளேயே வேலையை முடிக்கின்றன. சில, ஒலியை இணையம் வழியாக வேறொரு நாட்டுக் கணினிக்கு அனுப்புகின்றன. இணைப்பு இல்லாத ஊரில் இரண்டாவது வகை உதவாது. நோயாளியின் குரல் வெளியே போவதற்கு அவருடைய சம்மதமும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. ஆட்களின் தரவைச் சேர்க்கும் செயலியைச் செய்பவர்கள் அதை வாசித்திருக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் வைத்து எம்மிடம் கேட்ட மூவருக்கும் பதில் சொல்வோம். முதியோரைப் பராமரிக்கும் சகோதரிக்குப் பேச்சு பொருந்தும். கையுறை போட்ட கையால் எழுத முடியாது, சொல்லவும் நிறைய உண்டு. ஆனால் ஒலியை அழிக்காமல் எழுத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். வேலை முடிந்து போகுமுன் எழுதப்பட்டதை அவரே வாசித்து உறுதிப்படுத்த வேண்டும். சாப்பாடு, மருந்து, நித்திரை ஆகிய மூன்றையும் பேச்சில் விடாமல், தொட்டுத் தெரிவுசெய்யும் கட்டங்களாக வைக்கவேண்டும்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியைக்குக் கையெழுத்து. பிள்ளை அகரத்தை எங்கே தொடங்கி எங்கே முடித்தது என்று கணினி பார்த்துச் சொல்வது நல்ல உதவி. ஆனால் வழமையான கையெழுத்து மென்பொருளின் நோக்கம், எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் ஊகித்து ஏற்றுக்கொள்வது. ஆசிரியைக்கு வேண்டியது கோணலைக் கண்டு சொல்லும் மென்பொருள். வாங்குமுன் இந்த வேறுபாட்டைக் கேட்டு அறியுங்கள். கிளினிக்கில் பதிவு எழுதுபவருக்கு, முன்பு சொன்னதுபோல, பெரும்பகுதியும் எண் விசைகளும் பட்டியல்களும். பெயரை மட்டும் தட்டச்சுச் செய்து, நோயாளிக்குத் திரையைக் காட்டிச் சரிபார்க்கலாம்.

கடைசியாக, எமது சொந்த வீட்டு வேலை. நூற்றாண்டுக்காக ஓர் ஆவணக் காப்பகம் அமைப்பதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, கைப்பட எழுதப்பட்ட அனுமதிப் பதிவேடுகளும் கூட்டக் குறிப்புப் புத்தகங்களும். மற்றது, எண்பதும் தொண்ணூறும் கடந்த அக்காமாரின் நினைவுகள். இடப்பெயர்வுகளில் கொப்பியும் படமும் தொலைந்த வீடுகள் எம்மிடையே பல. சில ஆண்டுகளின் கதை இன்று ஓரிருவரின் வாயில் மட்டுமே இருக்கிறது.

பதிவேடுகளை நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம்பிடிப்போம். இது தாளெழுத்து, கணினிக்கு விரலின் போக்குத் தெரியாது, பழைய வடிவங்களும் உண்டு. ஆதலால் கணினியின் வாசிப்பை முதல் வரைவாக மட்டும் எடுத்து, பழைய எழுத்து வாசிக்கக்கூடிய இருவர் தனித்தனியே பார்த்துத் திருத்த வேண்டும். ஒரு மாணவியின் பெயர் பிழைத்தால், நாளை அவரின் பேத்தி தேடும்போது அவர் இங்கே படிக்கவேயில்லை என்றாகிவிடும்.

அக்காமாரை எழுதித் தரும்படி கேட்க வேண்டாம். அவர்கள் கதைக்கட்டும், நாம் பதிவுசெய்வோம். அறையை அமைதியாக்கி, மின்விசிறியை நிறுத்தி, ஒலிவாங்கியை அருகில் வைத்து, அவர்களின் சம்மதத்தை முதலில் பெறுவோம். அவர்கள் நிறுத்தும் இடத்தில் நாமும் பொறுத்திருப்போம். பேச்சறி மென்பொருள் எழுதித் தருவதைக் குரலோடு ஒப்பிட்டுத் திருத்துவோம். "பேந்து" என்று சொன்னதை "பின்னர்" என்று மாற்ற வேண்டாம். ஒலிப்பதிவே மூலம் என்று காப்பகத்தின் விதிகளில் எழுதி வைப்போம். மென்பொருள் ஆண்டுதோறும் திருந்தும். பதிவு இருந்தால் மறுபடி எழுதுவிக்கலாம். பதிவுசெய்யாத குரலை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஆகவே பதிவேட்டை விடக் குரலுக்கே அவசரம். முதல் ஆறு மாதத்தைக் குரலுக்கு ஒதுக்கும்படி காப்பகக் குழுவிடம் கேட்டுக்கொள்கிறோம்.

உலகெங்கும் உள்ள சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மொசில்லா நிறுவனம் 2017இல் தொடங்கிய "கொமன் வொய்ஸ்" திட்டத்தில் தமிழும் இருக்கிறது. எவரும் சில வாக்கியங்களை வாசித்துத் தம் குரலைக் கொடுக்கலாம். மற்றவர் வாசித்தது சரியா என்றும் பார்க்கலாம். ரொறன்ரோவிலோ, லண்டனிலோ, சிட்னியிலோ இருந்து ஒரு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். எங்கள் உச்சரிப்பைக் கேட்டுப் பழகும் மென்பொருள்தான் நாளை ஒரு முதியோர் இல்லத்தில் எங்கள் அக்கா ஒருவர் சொல்வதைச் சரியாக எழுதும்.

எமக்கு உறுப்பெழுத்தும் சொல்வதெழுதலும் படிப்பித்த ஆசிரியைகள், பிழையைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, அதே சொல்லைப் பத்துத் தரம் எழுதச் சொல்வார்கள். கணினிக்கும் அப்படி ஓர் ஆசிரியை வேண்டும். அந்த வேலைக்கு இந்த மண்டபத்தில் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். காப்பக வேலையில் சேர விரும்பும் அக்காமாரும் தங்கைமாரும் இன்று போகுமுன் செயலாளரிடம் பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லுங்கள்.